மாண்ட்கமரி பேருந்து வழக்கைப் பாடத்தில் திரும்பச் சேருங்கள்

பாடத்திட்டச் சீராய்வுக் குழுவினருக்கு,

புதிய பதிப்பின் வரைவில் அமெரிக்கக் குடிமை உரிமை இயக்கம் பற்றிய அலகைப் படித்தோம். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரப் பேருந்துகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்த வழக்கு முன்பு பல பக்கங்களில் இருந்தது. அது எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் நான்கு வாக்கியங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். நகர நிர்வாகம் பணிந்தது. ரோசா பார்க்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையை ரத்து செய்தது. நான்கில் இரண்டு தவறு. நகர நிர்வாகம் கடைசி நாள்வரை பணியவில்லை. ரோசா பார்க்ஸின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. அலகின் இறுதியிலுள்ள வினா விடையிலும் இதே பிழை சரியான விடையாக அச்சாகியிருக்கிறது. சரியாக எழுதுகிற மாணவருக்கு மதிப்பெண் போகும்.

உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு பிரௌடர் எதிர் கேல். அதைக் கட்டியெழுப்பியவர் ஃபிரெட் கிரே. வழக்குத் தொடுத்த 1956 பிப்ரவரியில் அவருக்கு வயது 25. வழக்குரைஞராகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை. மாண்ட்கமரியில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும் அலபாமாவில் அவர் சட்டம் படிக்க முடியவில்லை. மாநிலத்தின் சட்டக் கல்லூரி வெள்ளையருக்கு மட்டுமானது. கிளீவ்லாந்துக்குப் போய்ப் படித்து, கண்ணில் படும் இனப் பிரிவினை ஒவ்வொன்றையும் சட்டத்தின் வழியே தகர்ப்பது என்ற முடிவோடுதான் ஊர் திரும்பினார். இந்தப் பெயர் உங்கள் வரைவில் ஓர் இடத்தில்கூட இல்லை.

பெயர் விடுபட்டதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இயக்கம் எப்படி வென்றது என்பதையே நீங்கள் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அதை விரிவாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் பேருந்து. மாண்ட்கமரிப் பேருந்தில் 36 இருக்கை. முன்பகுதியில் பத்து வெள்ளையருக்கு. வண்டியில் ஒரு வெள்ளையர்கூட இல்லாவிட்டாலும் அவை காலியாகவே போகும். பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு. நடுவிலுள்ள பதினாறும் ஓட்டுநர் கைகாட்டும் பக்கம். கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டியதும் உண்டு. நகரச் சட்டத் தொகுப்பின் 1952ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாம் அத்தியாயம், 11ஆம் பிரிவு, வண்டியை ஓட்டும்போது ஓட்டுநருக்குக் காவலருக்குரிய அதிகாரத்தைக் கொடுத்தது. தன் இனத்துக்கு ஒதுக்கிய இருக்கைக்குப் போகச் சொன்னால் பயணி போக வேண்டும், மறுப்பது குற்றம் என்றது. ஆனால் அதே வாக்கியத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை: அப்படியோர் இருக்கை காலியாக இருந்தால்.

அந்த நிபந்தனையில்தான் வழக்கின் பாதி இருக்கிறது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸை எழச் சொன்னபோது பின்னால் காலியிடம் இல்லை. நகர விதிப்படி அவர் குற்றவாளியே அல்ல. அதனால்தான் டிசம்பர் 5 விசாரணையில் அரசுத் தரப்பு நகர விதியைக் கைவிட்டு, நிபந்தனை இல்லாத மாநிலச் சட்டத்துக்குத் தாவியது. பத்து டாலர் அபராதம், நான்கு டாலர் நீதிமன்றச் செலவு என்று விசாரணை சிறிது நேரத்தில் முடிந்தது. கிரே மேல்முறையீடு செய்தார். அந்த மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களிலேயே கிடந்தது. அலபாமா மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டித் தண்டனையை உறுதிசெய்தது 1957இல். அதற்குள் மாண்ட்கமரிப் பேருந்துகளில் யாரும் எங்கும் உட்காரலாம் என்றாகிவிட்டிருந்தது. 'ரோசா பார்க்ஸ் வழக்கில் தீர்ப்பு' என்ற உங்கள் வாக்கியம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

குற்ற வழக்கில் தண்டனை வாங்கி, அதை மேல்முறையீடு செய்து, அதில் சட்டத்தை உடைப்பது ஒரு வழி. அந்த வழி அடைபடும் என்பது கிரேவுக்குப் பார்க்ஸ் கைதாவதற்கு முன்பே தெரியும். 1955 மார்ச் 2 அன்று கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைவிலங்கோடு இறக்கப்பட்டார். அவருக்காக வாதாடியவரும் கிரேதான். மூன்று குற்றச்சாட்டுகள்: இனப் பிரிவினைச் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, காவலரைத் தாக்கியது. மேல்முறையீட்டில் முதல் இரண்டும் கைவிடப்பட்டன. தாக்குதல் குற்றம் மட்டும் நின்றது. பார்வைக்கு இது பாதி வெற்றி. உண்மையில் கதவடைப்பு. எந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்க வேண்டுமோ அது வழக்கிலிருந்தே காணாமல் போனது. குற்ற வழக்கில் குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுப்பது அரசுத் தரப்பு. எதிர்த்தரப்பின் கையிலுள்ள பிடியை அவர்கள் நினைத்த நேரத்தில் உருவிவிட முடியும். அப்படியே வென்றாலும் விடுதலையாவது ஒருவர். மறுநாள் காலை வண்டியில் எல்லாம் பழையபடிதான்.

ஆகவே கிரே வழக்கின் வடிவத்தையே மாற்றினார். குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பதை விட்டுவிட்டு வாதியாக, மாநில நீதிமன்றத்தை விட்டுக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில், இந்தச் சட்டங்கள் பதினான்காம் திருத்தத்துக்கு (சட்டத்தின் முன் அனைவருக்கும் சம பாதுகாப்பு தரும் அமெரிக்க அரசமைப்புத் திருத்தம்) முரணானவை என்று அறிவித்து அவற்றைச் செயல்படுத்த நிரந்தரத் தடையாணை தருமாறு கேட்டார். 1956 பிப்ரவரி 1 அன்று மனு தாக்கலானது. இரண்டு நாள் முன்புதான் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டிருந்தது.

எங்கள் மாணவர்கள் நீண்ட நேரம் நிற்கிற இடம் மனுவின் அமைப்பு. வாதிகள் யார்? ரோசா பார்க்ஸ் இல்லை. அவர் மீது மாநில நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தது. அவரைச் சேர்த்தால், நடந்துகொண்டிருக்கும் மாநில வழக்கைச் சுற்றிக்கொண்டு வருகிறீர்கள் என்று சொல்லிக் கூட்டாட்சி நீதிமன்றம் விலகிக்கொள்ள எதிர்த்தரப்புக்கு வாதம் கிடைத்துவிடும். நாடறிந்த முகத்தை வழக்கின் நன்மைக்காக வெளியே நிறுத்துவதற்குத் தெளிவு வேண்டும். அவருக்குப் பதில் பேருந்தில் இழிவுபடுத்தப்பட்ட ஐந்து பெண்கள்: அரீலியா பிரௌடர், எழுபதைக் கடந்த சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், பதினெட்டு வயது மேரி லூயிஸ் ஸ்மித், ஜெனெட்டா ரீஸ். தங்களுக்காக மட்டுமன்றித் தங்கள் நிலையிலுள்ள எல்லாருக்காகவும் வழக்குத் தொடுப்பதாக மனு சொன்னது. தீர்ப்பு ஊர் முழுவதற்கும் பொருந்தியது அதனால்தான்.

பிரதிவாதிகளை நிறுத்தியதிலும் இதே கவனம். மேயர் டபிள்யூ. ஏ. கேல், நகர ஆணையர்கள், காவல்துறைத் தலைவர், பேருந்து நிறுவனம், இரண்டு ஓட்டுநர்கள், இவர்களோடு மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தின் உறுப்பினர்கள். நகர விதிக்கு எதிரான வழக்கில் மாநில ஆணையத்துக்கு என்ன வேலை என்று மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். மாநிலச் சட்டம் ஒன்றை அரசமைப்புக்கு முரண் என்று சொல்லித் தடையாணை கேட்டால், அன்றைய கூட்டாட்சிச் சட்டப்படி அதை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்க வேண்டும். அந்த அமர்வின் தீர்ப்பு மீதான மேல்முறையீடு இடைநிலை நீதிமன்றத்தைத் தாண்டி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். நகர விதியை மட்டும் எதிர்த்திருந்தால் ஒற்றை நீதிபதி, பிறகு வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அதன்பிறகு உச்ச நீதிமன்றம் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நீண்ட வரிசை. வேலைக்கும் வீட்டுக்கும் தினமும் நடந்துகொண்டிருந்த மக்களுக்கு அவ்வளவு காலம் இருக்கவில்லை.

கிரே இதைத் தனியாகச் செய்யவில்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். சார்லஸ் லாங்ஃபோர்டு உள்ளூரில் கூட்டு வழக்குரைஞர். கிளிஃபோர்டு டர் என்ற வெள்ளை வழக்குரைஞர் மறைவில் இருந்து ஆலோசனை சொன்னார். கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் தர்குட் மார்ஷலும் ராபர்ட் கார்ட்டரும் நியூயார்க்கிலிருந்து தோள் கொடுத்தனர். வழக்குக்குப் பின்பலமாக நின்றது புறக்கணிப்பை நடத்திய மாண்ட்கமரி முன்னேற்றச் சங்கம்.

இதற்கு கிரே கொடுத்த விலை உங்கள் வரைவில் ஒரு வரிக்கும் தகுதி பெறவில்லை. மனு தாக்கலான மறுநாளே ஜெனெட்டா ரீஸ் நெருக்கடி தாங்காமல் விலகினார். தான் இப்படியொரு வழக்குக்குச் சம்மதிக்கவில்லை என்றும் சொல்லவைக்கப்பட்டார். உடனே, கட்சிக்காரரின் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்தியதாக கிரே மீது குற்றப்பத்திரிகை. நிரூபணமானால் வழக்குரைஞர் தொழிலே போய்விடும். ரீஸ் கையெழுத்திட்டுக் கொடுத்த வக்காலத்து கிரேவிடம் இருந்தது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடம் கூட்டாட்சி நீதிமன்றம் என்பதால் மாநிலத்துக்கு அதில் அதிகாரமில்லை என்று அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. அது விழுந்ததும் ராணுவ அழைப்பு வந்தது. திருச்சபை ஊழியர் என்ற வகையில் கட்டாயப் பணியிலிருந்து விலக்கு பெற்றிருந்தவரை, உள்ளூர்க் குழு படைக்கு உடனே எடுக்கத்தக்கவர் பட்டியலுக்கு மாற்றியது. வாஷிங்டனில் இருந்த தலைமை குறுக்கிட்டுத்தான் அது நின்றது. வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதை வெறும் சடங்காக நினைக்கும் இளம் வழக்குரைஞருக்கு இதைவிட நல்ல பாடம் எது?

விசாரணை 1956 மே 11. அதற்கு முன் ஒரு திருப்பம். தென் கரோலினாப் பேருந்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவைப் பார்த்துவிட்டு, மாண்ட்கமரிப் பேருந்து நிறுவனம் பிரிவினையை நிறுத்துவதாக அறிவித்தது. நகர நிர்வாகம் மாநில நீதிமன்றத்துக்கு ஓடி, பிரிவினையைத் தொடர்ந்து நடத்தும்படி நிறுவனத்துக்கு உத்தரவு வாங்கியது. வண்டி ஓட்டும் நிறுவனமே விட்டுவிடத் தயாரான பிறகும் விடாதே என்று நீதிமன்ற உத்தரவு பெற்ற நிர்வாகம் இது. இதைத்தான் நீங்கள் 'பணிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

கூண்டில் ஏறிய நான்கு பெண்களையும் எதிர்த்தரப்பு ஒரே திசையில் தள்ளப் பார்த்தது: கிங் வந்து தூண்டிவிட்டதால்தான் பேருந்தை விட்டீர்கள், அதற்குமுன் உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, அப்படித்தானே? பதினாறு வயது கோல்வின் அசையவில்லை. உங்கள் தலைவர் யார் என்ற கேள்விக்கு, எங்களுக்கு நாங்களேதான் என்ற பொருளில் பதில் சொன்னார். குறை டிசம்பரில் பிறந்ததல்ல, சட்டத்திலேயே இருந்தது என்று நிறுவுவதற்கு இந்தச் சாட்சியம் தேவைப்பட்டது.

ஜூன் 5 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. நீதிபதிகள் ரிச்சர்டு ரைவ்ஸ், ஃபிராங்க் ஜான்சன் இருவரும், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் பிரௌன் தீர்ப்பு பள்ளிகளோடு நின்றுவிடாது, பிரித்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்ற 1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி தீர்ப்புக்கு இனி உயிரில்லை என்றனர். சீபோர்ன் லின் மாறுபட்டார்: பிளெஸ்ஸி ரயில் பயணம் பற்றியது, பிரௌன் பள்ளி பற்றியது, உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் திரும்பப் பெறாத முன்தீர்ப்பைக் கீழ் நீதிமன்றம் ரத்தானதாகக் கொள்ளக் கூடாது என்றார். இந்த மாறுபட்ட தீர்ப்பும் பாடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதன் முடிவை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் கீழ் நீதிமன்றம் எந்த அளவு முன்னே அடி வைக்கலாம் என்ற கேள்வி எந்த நாட்டுச் சட்ட மாணவருக்கும் உரியது.

நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. வாய்மொழி வாதம் கேட்கவில்லை, விளக்கம் எழுதவில்லை. பிரௌன் வழக்கையும், பால்டிமோர் கடற்கரை, அட்லாண்டா கோல்ஃப் மைதானம் பற்றிய இரண்டு வழக்குகளையும் மேற்கோள் காட்டி, உறுதிசெய்யப்படுகிறது என்று முடித்துவிட்டது. அறுபதாண்டுப் பழைய முன்தீர்ப்பின் பெயரைக்கூட அந்த உத்தரவு உச்சரிக்கவில்லை.

அதே நவம்பர் 13 அன்று மாண்ட்கமரியில் இன்னொரு நீதிமன்றத்தில் நடந்ததையும் சேர்த்துப் படித்தால்தான் முழு உண்மை கிடைக்கும். புறக்கணிப்பு ஓராண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம் கார் கூட்டுப் பயண ஏற்பாடு. குறித்த இடங்களில் ஏற்றி, குறித்த இடங்களில் இறக்கிவிடும் பெரிய வலைப்பின்னல் அது. உரிமம் இல்லாத போக்குவரத்துத் தொழில் என்று சொல்லி அதைத் தடுக்க நகர நிர்வாகம் மாநில நீதிமன்றத்தில் மனுப்போட்டிருந்தது. அந்த மனு விசாரணையில் இருந்தபோதுதான் வாஷிங்டன் செய்தி அந்த நீதிமன்ற அறைக்கு வந்து சேர்ந்தது. நகரம் கேட்ட தடையும் அன்றே கிடைத்தது. கூட்டாட்சி வழக்கு மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்த நவம்பரில் புறக்கணிப்பின் கால்கள் வெட்டப்பட்டிருக்கும்; அதற்குப் பின் என்ன என்பதற்கு யாரிடமும் விடை இருந்திருக்காது. உத்தரவு டிசம்பர் 20 அன்று மாண்ட்கமரிக்கு வந்து சேரும்வரை நிர்வாகம் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தது. 21 அன்று மக்கள் பேருந்தில் ஏறினர். அதற்குப் பிறகும் பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, தேவாலயங்களில் குண்டு வெடித்தது.

புறக்கணிப்பைச் சிறிதாக்க நாங்கள் முயலவில்லை. அது இல்லாமல் வழக்குக்குப் பணமும் இல்லை, வாதிகளுக்குத் துணையும் இல்லை. ஆனால் புறக்கணிப்பின் முதல் கோரிக்கைகள் என்னவென்று பாருங்கள்: ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும், வெள்ளையர் முன்னிருந்தும் கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார வேண்டும், கறுப்பினத்தவர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும். பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்பது அவற்றில் இல்லை. நகரம் இவற்றை ஏற்றிருந்தால் பிரிவினை கொஞ்சம் நாகரிகமாகத் தொடர்ந்திருக்கும். பிரிவினையே செல்லாது என்று கேட்ட ஆவணம் கிரே தாக்கல் செய்த மனு. தெருவில் நடந்தவர்களும் மனு எழுதியவர்களும் ஒருவரையொருவர் சார்ந்திருந்தார்கள். ஒரு பாதியை வெட்டிவிட்டு மறுபாதியை வரலாறு என்று கொடுப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

இடமில்லை, சட்ட நுணுக்கம் மாணவருக்குச் சலிப்பூட்டும் என்பது உங்கள் தரப்புக் காரணமாக எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. வகுப்பறையில் நாங்கள் காண்பது நேர்மாறு. இந்த வழக்கின் உண்மைகளை மட்டும் கொடுத்து, மனுவை நீங்களே எழுதுங்கள் என்றால் மாணவர்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஓட்டுநரை மட்டும் பிரதிவாதியாக்கி நட்டஈடு கேட்பார்கள். பிரபலமானவர் என்பதால் ரோசா பார்க்ஸை முதல் வாதியாக வைப்பார்கள். நகர விதியை எதிர்ப்பார்கள், மாநிலச் சட்டத்தை மறந்துவிடுவார்கள். நகர விதி ரத்தானாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் அதே கைது தொடரும் என்பது அப்போதுதான் உறைக்கும். பிறகு உண்மையான மனுவின் அமைப்பைக் காட்டும்போது, ஒவ்வொரு பெயரும் ஏன் அங்கே இருக்கிறது, எது ஏன் இல்லை என்பது அவர்களுக்குத் தானே புரிகிறது. நாளை உயர் நீதிமன்றத்தில் இந்திய அரசமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் நீதிப்பேராணை மனு எழுதப்போகிறவர்கள் இவர்கள். எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது, எந்த நிவாரணத்தைக் கேட்பது, எதைக் கேட்காமல் விட்டால் மனு வீணாகும் என்பதைக் கற்க இதைவிடத் தெளிவான வழக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

கிரே இந்த ஒரு வழக்கோடு நின்றவரும் அல்லர். அலபாமாவின் டஸ்கீகி நகரத்தின் சதுரமான எல்லையை 28 பக்கம் கொண்ட உருவமாக வளைத்து, ஏறக்குறைய எல்லாக் கறுப்பின வாக்காளர்களையும் நகருக்கு வெளியே தள்ளிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, 1960இல் கோமிலியன் வழக்கில் வென்றார். 1963இல் ஒரு மாவட்டத்தின் பள்ளிகளுக்காகத் தொடங்கிய லீ எதிர் மேக்கன் வழக்கு மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. அமெரிக்க அரசு நடத்திய டஸ்கீகி சிபிலிஸ் (பால்வினை நோய்) ஆய்வில் சிகிச்சை மறுக்கப்பட்ட கறுப்பின ஆண்களுக்காக அவர் தொடுத்த வழக்கு 1974இல் ஒரு கோடி டாலர் உடன்படிக்கையில் முடிந்தது. இவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

எங்கள் கோரிக்கைகள் இவை. வரைவு அச்சுக்குப் போகுமுன் 'நகர நிர்வாகம் பணிந்தது', 'ரோசா பார்க்ஸ் வழக்கில் தீர்ப்பு' என்ற இரண்டு வாக்கியங்களையும் நீக்குங்கள். வினா விடையில் பிரௌடர் எதிர் கேல் என்று திருத்துங்கள். பழைய விடையை வைத்து இதுவரை திருத்தப்பட்ட தாள்கள் இருந்தால், சரியாக எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுங்கள். நீக்கிய பகுதியை முழுமையாகச் சேருங்கள். முழுமைக்கும் இடமில்லை என்றால், கோல்வின் வழக்கில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டது, மனுவின் வாதிகளும் பிரதிவாதிகளும், மூன்று நீதிபதி அமர்வு, நவம்பர் 13 அன்று இரு நீதிமன்றங்களிலும் நடந்தது ஆகிய நான்குக்கு மட்டுமாவது இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கடைசிவரை நின்ற நான்கு பெண்களின் பெயர்களும் ஃபிரெட் கிரேயின் பெயரும் அந்த இரண்டு பக்கத்துக்குள் வரவேண்டும். மனு எழுதும் பயிற்சியை மாதிரி நீதிமன்றப் பாடத்தில் மதிப்பெண்ணோடு சேருங்கள். அச்சுக்கு முந்தைய இறுதி வடிவத்தை அரசமைப்புச் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து எழுத்துப்பூர்வமாகக் கருத்துப் பெறுங்கள். எங்களைக் கேட்டால் ஊதியம் இல்லாமல் செய்து தருகிறோம். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்பதை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்து எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அரசமைப்புச் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள்